கார் ஸ்ட்ரீட்: வாடகை வீட்டின் வரலாற்றுக்குச் சில குறிப்புகள்

1

திருநெல்வேலி டவுனில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி ஓடும் ரத வீதிகளுக்கு ஆங்கில முகவரியில் ‘கார் ஸ்ட்ரீட்’ என்று பெயர். நார்த் கார் ஸ்ட்ரீட், சவுத் கார் ஸ்ட்ரீட் என்று கடைப் பலகைகளில் பார்க்கலாம். சிதம்பரத்திலும் அப்படித்தான். வெள்ளைக்காரன் தேரைத்தான் ‘கார்’ என்றான். இன்று அதே வீதியில் வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, “காரை எங்க நிப்பாட்டுறது?” கார் ஸ்ட்ரீட்டில் காருக்கு இடமில்லை!

இதைச் சொல் விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. நம்முடைய கோயில் நகரங்களில் முதன்முதலாக நிரந்தர ‘பார்க்கிங்’ வாங்கிய வாகனம் தேர்தான். அதற்குத் தேர்நிலை உண்டு, தேரடி உண்டு. வருஷத்தில் ஒரு நாள் ஓடுவதற்காக மற்ற நாளெல்லாம் ஊரின் நடு இடத்தில் அது நிற்கும். அது திரும்புவதற்கு ஏற்ற அகலத்தில் வீதி இருக்க வேண்டும். அந்த வீதியில் யார் குடியிருக்கலாம், யார் வடத்தைத் தொடலாம், யார் எட்ட நின்று கும்பிட வேண்டும் என்பதற்கெல்லாம் எழுதாத சட்டம் இருந்தது. வீடு, வீதி, வாகனம் ஆகிய மூன்றும் தனித்தனி விஷயங்களாக இருந்ததில்லை. ஒரே அதிகாரத்தின் மூன்று உறுப்புகள் அவை.

பழைய கதைதானே என்று சொல்லிவிடவும் முடியாது. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் தலித்துகளும் வடம் பிடிக்க வேண்டும் என்ற கோரிக்கை 1998இல் பெரும் பிரச்சினையானது. அதன்பின் பல ஆண்டுகள் தேர் ஓடவே இல்லை. நீதிமன்றம் தலையிட்டு, போலீஸ் குவிக்கப்பட்டு, 2024 ஜூனில் தேர் ஓடியது. சமமாக இழுப்பதைவிட நிறுத்தியே வைத்திருப்பது மேல் என்று ஒரு சமூகம் முடிவெடுத்தால், அந்த நிறுத்தமும் ஓர் அரசியல் செயல்பாடுதான்.

சிறுநகரத்தில் பார்க்கிங்கோடு ஒரு வாடகை வீடு தேடுவது என்பது புரோக்கர், அட்வான்ஸ், அலைச்சல் சம்பந்தப்பட்ட தனிமனிதத் தொந்தரவாகவே நம் பொதுப்புத்தியில் பதிந்திருக்கிறது. இந்தத் தேடலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவதும் அந்த வரலாற்றின் ஒரு பகுதிதான்.

2

வீடும் வண்டியும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதை அம்பேத்கரைவிடத் துல்லியமாகப் பதிவு செய்தவர் இல்லை. ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற அவருடைய சிறு தன்வரலாற்றுக் குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னப் பையனாக ரயிலில் வந்து இறங்குகிறார். சாதி தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரர் ஓட்ட மறுக்கிறார். இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். வண்டிக்காரர் கூடவே நடந்து வருகிறார். 1917இல் அமெரிக்கப் படிப்பை முடித்து, லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு பரோடா சமஸ்தானத்தில் உத்தியோகத்துக்கு வருகிறார். குடியிருக்க வீடு இல்லை. பார்சி விடுதி ஒன்றில் பொய்ப் பெயரில் தங்குகிறார். சில நாளில் தடிகளோடு வந்து வெளியேற்றுகிறார்கள். 1929இல் சாலிஸ்காவில் டோங்காக்காரர்கள் அவரை ஏற்றிக்கொண்டு போக மறுக்கிறார்கள். ஓட்டத் தெரியாத ஆள் ஓட்டி, வண்டி விபத்துக்குள்ளாகிறது. வண்டி மறுப்பும் வீட்டு மறுப்பும் அந்தக் குறிப்பில் மாறி மாறி வருவது தற்செயல் அல்ல. ஊருக்குள் வருவதைத் தடுக்க ஒன்று, வந்தபின் தங்குவதைத் தடுக்க மற்றொன்று.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது என்று நீளும் பட்டியல் அது. அடுத்த வருஷம் அதைப் பதினொன்றாக்கினார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் 1946இல் வெளிவந்த சாதி பற்றிய தன் நூலில் இதைப் பதிந்திருக்கிறார். அதில் ஒரு விதி: கல்யாண ஊர்வலத்தில் குதிரை கூடாது, வீட்டுக் கதவைக் கழற்றிப் பல்லக்காக வைத்துக்கொள்ள வேண்டும், எந்தக் காரியத்துக்கும் எந்த வாகனமும் கூடாது.

கதவுதான் வாகனம்! வாகனம் வேண்டுமென்றால் வீட்டைத் திறந்துபோட வேண்டும். வீட்டைப் பூட்டி வைக்க வேண்டுமென்றால் வாகனம் கிடையாது. தலித்தின் வீட்டையும் பயணத்தையும் ஒரே வரியில் அவமதிக்கிற இந்த விதிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், இன்று வீட்டு புரோக்கர் சகஜமாகக் கேட்கும் “வண்டி என்ன வச்சிருக்கிய?” என்ற கேள்வி எவ்வளவு கனமானது என்று புரியும்.

3

இந்தத் தடைகளை உடைத்த வரலாறும் இருக்கிறது. பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம் எல்லாம் எல்லாருக்கும் பொது என்ற தீர்மானத்தை 1924 ஆகஸ்டில் சென்னை சட்டசபையில் ரெட்டமலை சீனிவாசன் கொண்டுவந்து நிறைவேற்றினார். அதே வருஷம்தான் வைக்கம் போராட்டம். நடக்கிற உரிமை சட்டத்தில் வந்தது. அடுத்தது ஏறுகிற உரிமை. ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த சுயமரியாதைக்காரர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் லைசென்ஸை ரத்து செய்வதாக உத்தரவு போட்டார். லைசென்ஸ் போய்விடும் என்றவுடன் பஸ் முதலாளிகளின் ஆசாரம் இறங்கிவந்தது. மனமாற்றத்துக்காக அவர் காத்துக்கொண்டிருக்கவில்லை. இந்தப் பாடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஏறுவதற்கு உரிமை வந்த பிறகும் பெயருக்கு இடமில்லை. 1997இல் விருதுநகர் பகுதியில் ஓர் அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது என்ன நடந்தது? தலித் வீரர் ஒருவரின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். தென்மாவட்டங்கள் கலவரத்தில் எரிந்தன. அரசு எடுத்த முடிவு, அந்த ஒரு பெயரைக் காப்பாற்றுவது அல்ல. மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்த எல்லாத் தலைவர்கள் பெயரையும் எடுத்துவிட்டது. சமத்துவத்தின் பெயரால் அழிப்பு! 1931க்கும் 1997க்கும் நடுவில் அறுபத்தாறு வருஷம் ஓடியிருக்கிறது. வாகனத்தின் மீதான சாதிய உரிமைகோரல் மட்டும் நகரவே இல்லை.

ஆக, நடக்கலாம், ஏறலாம். நிறுத்தலாமா? தங்கலாமா?

4

இங்கேதான் வாடகை வீடு வருகிறது. வாடகை என்பது நவீனம் கொண்டுவந்த உறவு. அக்ரஹாரத்திலும் சாதித் தெருவிலும் வீடு பிறப்போடு வருவது. வாடகை வீடு பணத்தோடும் ஒப்பந்தத்தோடும் வருவது. கச்சேரி, கோர்ட், ரயில்வே, பள்ளிக்கூடம் என்று சம்பள உத்தியோகங்கள் பெருகியபோது சொந்த ஊரை விட்டு வந்தவனுக்குக் குடியிருக்க இடம் தேவைப்பட்டது. திருநெல்வேலியைப் பாருங்கள். ஆற்றுக்கு மேற்கே கோயிலும் ரத வீதியும் உள்ள டவுன். கிழக்கே கோட்டை, மிஷன், பள்ளி, கல்லூரி உள்ள பாளையங்கோட்டை. 1843இல் சுலோசன முதலியார் தன் சொந்தச் செலவில் தாமிரபரணிக்கு மேலே பாலம் கட்டி இரண்டையும் இணைத்தார். குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் குடும்பத்தோடு பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீடு தேட ஆரம்பித்தார்கள்.

அவர்களுக்குக் கிடைத்தவை வளவு வீடுகள். மெட்ராஸில் ஒண்டுக் குடித்தனம், மதுரையில் காம்பவுண்டு, கோவையில் லைன் வீடு, நெல்லையில் வளவு. ஒரு வாசல், ஒரு கிணறு, உள்ளே வரிசையாக நாலோ எட்டோ குடித்தனங்கள். சைக்கிளைத் தூக்கி நடையில் சாத்தி வைத்தால் அதுதான் பார்க்கிங். வளவு வாழ்க்கையைப் பற்றி ஏக்கத்தோடு எழுத நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். கிணறு பொது, ஆகவே கிணற்றைத் தொடுகிறவன் யார் என்பதில் சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்ற ஏற்பாடு அந்த ஏக்கத்தில் வருவதில்லை. பணம் கொடுத்தால் வீடு என்ற நவீன ஒப்பந்தத்தின் அடியில் கிணறு என்ற பழைய ஒப்பந்தம் பத்திரமாக இருந்தது.

அரசு என்ன செய்தது? யுத்த காலத்தில், 1941இல், வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. 1946இலும் 1949இலும் சட்டங்கள் வந்தன. கடைசியில் 1960ஆம் வருஷத்துக் கட்டடங்கள் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். நியாய வாடகை எவ்வளவு, எந்தக் காரணத்துக்காகக் காலி செய்யச் சொல்லலாம் என்றெல்லாம் அது பேசியது. யாருக்கு வீடு தர மறுக்கக் கூடாது என்று ஒரு வரி இல்லை.

வீட்டுச் சொந்தக்காரரின் விருப்பத்தில் அரசு கை வைக்காது, அது தனிச்சொத்து என்று யாராவது சொல்வார்கள். தப்பு! அதே 1960 சட்டத்தின் மூன்றாம் பிரிவைப் படியுங்கள். வீடு காலியானால் ஏழு நாளுக்குள் சொந்தக்காரர் அதிகாரிக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். அரசு அலுவலகத்துக்கோ அரசு அதிகாரி குடியிருக்கவோ அந்த வீடு தேவைப்பட்டால், அரசு எடுத்துக்கொள்ளலாம். குடியிருப்பவர் யார் என்பதைச் சொந்தக்காரருக்குப் பதிலாக அரசு தீர்மானிக்கலாம். அதாவது, வாடகைக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சொந்தக்காரரிடமிருந்து பறிப்பதற்கான கருவி அரசிடம் இருந்தது. தன் அதிகாரிக்காக அதைப் பயன்படுத்தலாம் என்று தோன்றிய அரசுக்கு, வீடு மறுக்கப்பட்ட தலித் வாத்தியாருக்காகவும் பயன்படுத்தலாம் என்று தோன்றவில்லை. 2017இல் இயற்றப்பட்ட புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்து, 1960 சட்டம் போனது. எழுத்து ஒப்பந்தம், பதிவு, வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்பதெல்லாம் புதுச் சட்டத்தில் இருக்கின்றன. மறுப்பைப் பற்றிய மௌனம் மட்டும் அப்படியே தொடர்கிறது.

5

வளவிலிருந்து வெளியேறிய நடுத்தர வர்க்கம் கட்டிக்கொண்ட புது இடத்துக்குப் பெயர் ‘காலனி’ அல்லது ‘நகர்’. நெல்லையில் என்ஜிஓ காலனி இருக்கிறது. நம் நண்பர்கள் பயப்பட வேண்டாம், வெளிநாட்டு நிதி வாங்கும் என்ஜிஓ அல்ல, கெஜட்டில் பெயர் வராத அரசு ஊழியர்களின் காலனி. பேங்க் காலனி, டீச்சர்ஸ் காலனி என்று எல்லாச் சிறுநகரங்களிலும் உண்டு. இதே ‘காலனி’தான் தமிழ்நாட்டில் தலித் குடியிருப்புக்கும் பெயர். ஒரே சொல் ஓர் இடத்தில் உயர்வையும் மற்றோர் இடத்தில் இழிவையும் குறிக்கிறது. சொல்லுக்கு முன்னால் எந்த ஒட்டு வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘எந்தக் காலனி?’ என்ற கேள்விக்கு ஒட்டோடு பதில் சொன்னால் நீங்கள் உத்தியோகஸ்தர், ஒட்டில்லாமல் சொன்னால் உங்கள் சாதி தெரிந்துவிட்டது. 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. ஆனால் சொல்லை எடுப்பதைவிடக் கஷ்டம், அந்தச் சொல்லைக் கேட்டதும் “வீடு போயிட்டு தம்பி” என்று சொல்லும் வாயை மாற்றுவது.

இந்த நகர்களில்தான் வாகனம் வீட்டோடு ஒட்டிக்கொண்டது. 1980இல் டிவிஎஸ் 50 வந்தது. 1983 கடைசியில் மாருதி வந்தது. 1991க்குப் பின் கடனுக்கு வண்டி சுலபமானது. வாசல் திண்ணை இடிந்து போர்ட்டிகோ வந்தது. பிறகு அடுக்குமாடி வந்து தரைத்தளம் முழுவதையும் தூண்கள் நட்டு வண்டிகளுக்குக் கொடுத்துவிட்டது. திண்ணை எல்லாரையும் உட்காரவைத்தது என்று நான் சொல்லவில்லை, அதற்கும் சாதி இருந்தது. ஆனால் அங்கே நடந்த விலக்கல் கண்ணுக்குத் தெரிந்தது. தூண் தளத்தில் விலக்கல் நடப்பதே தெரிவதில்லை.

6

இனி இன்றைய நாடகம். பார்க்க வருகிறவர் சின்ன வயசு, கையில் வேலை, ஒரு பைக், தவணையில் வாங்கிய கார். புரோக்கர் கைபேசியில் பேசுகிறார்.

“அண்ணாச்சி, வண்டி நிப்பாட்ட எடம் இருக்கா?”

“எடம் தாராளமா இருக்கு தம்பி. ஓனர் ரெண்டு வார்த்தை கேக்கச் சொன்னாவ. பூர்வீகம் எது? சாமி கும்புட எங்க போவிய?”

நேரடியாகச் சாதி கேட்பது நாகரிகமில்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஆகவே ஊர், தெரு, குலதெய்வம், “கவிச்சி சமைப்பியளா?” என்று வழிமுறைகள் நுட்பமாகிவிட்டன. பதில் பிடிக்காவிட்டால் மறுநாள் தகவல் வரும்: “பார்க்கிங்தான் பிரச்சினை தம்பி. ஓனர் மகன் புதுசா கார் எடுக்கானாம்.”

இதைக் கவனியுங்கள். ‘உன் சாதிக்கு இடமில்லை’ என்பது ‘உன் காருக்கு இடமில்லை’ என்று மொழிபெயர்க்கப்படுகிறது. பார்க்கிங் இங்கே சதுர அடி சம்பந்தப்பட்ட விஷயமாக இல்லை, ஒரு சொல்லாடலாகிவிட்டது. காரணம் சொல்லாமல் மறுக்கிறவருக்குக் கௌரவமான காரணம் ஒன்றை அது தயாராக வைத்திருக்கிறது. காரைப் பற்றிய மறுப்பில் யாரும் அவமானப்படத் தேவையில்லை, யாரும் கேஸ் போடவும் முடியாது. நிஜமாகவே இடம் இல்லாத வீடுகள் நிறைய இருக்கின்றன என்பதுதான் இந்தப் பொய்க்குப் பலம். எது நிஜ நெருக்கடி, எது சாதி என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் ஒரே வாக்கியத்தில் நிற்கின்றன.

வண்டியே ஒரு பிரதியாகவும் வாசிக்கப்படுகிறது. தென்மாவட்டங்களில் பைக்கின் முன்னால் ஒட்டிய தலைவர் படம், நம்பர் பிளேட்டின் வண்ணம், பின்கண்ணாடியில் எழுதிய ஊர்ப்பெயர் எல்லாம் அடையாள அட்டைகள். வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாலே போதும். ஸ்டிக்கர் ஒட்டாமல் வருகிறவரும் சந்தேகத்துக்குரியவரே. முஸ்லிம் என்றால் இந்த வாசிப்புகூடத் தேவையில்லை, பெயர் போதும். 1998 கோவை குண்டுவெடிப்புக்குப் பின் இந்தச் சந்தேகத்துக்கு ‘பாதுகாப்பு’ என்ற புதுப் பெயரும் கிடைத்தது. “மேலப்பாளையத்துல பாத்தா ஈசியா கெடைக்குமே” என்று அக்கறையோடு சொல்வார்கள். சேரியும் இப்படியான அக்கறையால் உருவானதுதான்.

7

சட்டத்தில் மனிதருக்கும் வாகனத்துக்கும் உள்ள இடத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, அடுக்குமாடி கட்டுகிறவர் வாகனங்களுக்கு இடம் விட்டே ஆக வேண்டும். விடாவிட்டால் திட்ட அனுமதி இல்லை. வாகன நிறுத்தத்தைத் தனிச் சொத்தாக விற்பதற்கும் வரம்பு உண்டு: மும்பை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2010இல், தூண் தளத்து நிறுத்துமிடம் பொதுப் பகுதி, பில்டர் தனியாக விற்க முடியாது என்றது. காருக்கு இடம் தருவது கடமை.

மனிதருக்கு? அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு கடை, ஓட்டல், கேளிக்கை இடம், கிணறு, குளம், சாலை என்று எண்ணிச் சொல்கிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. 1955ஆம் வருஷத்துக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் ஏழாம் பிரிவு, வீட்டை வாடகைக்கு விட மறுப்பதையும் பகிஷ்காரம் என்பதன் விளக்கத்தில் சேர்த்திருக்கிறது. நம் வக்கீல் நண்பர்களிலேயே பலர் இதைக் கவனித்ததில்லை. ஆனால் தீண்டாமை ஒழிப்பால் கிடைத்த உரிமையை ஒருவர் பயன்படுத்தினார் என்பதற்காகப் பகிஷ்கரித்தால்தான் குற்றம். ‘பார்க்கிங் இல்லை’ என்று சொன்னவர் மீது அதை எப்படி நிரூபிப்பது? முஸ்லிம்களுக்கு அதுவும் கிடையாது. 2005இல் ஒரு பார்சி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் வழக்கில், உறுப்பினராவதைத் தன் சமூகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளச் சங்கத்துக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பரோடா பார்சி விடுதியிலிருந்து அம்பேத்கர் வெளியேற்றப்பட்டு எண்பத்தெட்டு வருஷம் கழித்து வந்த தீர்ப்பு இது. சங்கம் கூடும் சுதந்திரம் என்ற தாராளவாதக் கருத்தாக்கம் யாருக்குக் கதவைத் திறந்தது, யாருக்குச் சாத்தியது என்று நாம் யோசிக்க வேண்டும். வீட்டுவசதியையும் உள்ளடக்கிய பாகுபாட்டு எதிர்ப்புத் தனிநபர் மசோதா ஒன்று 2017இல் மக்களவையில் அறிமுகமானது. சட்டமாகவில்லை.

சுருக்கமாகச் சொன்னால், நம் ஊரில் வீடு கட்டினால் ஒரு காரை உள்ளே விட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஒரு மனிதரை உள்ளே விட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை.

என்ன செய்யலாம்? சௌந்தரபாண்டியன் பஸ் முதலாளிகளுக்கு நல்லொழுக்க போதனை செய்யவில்லை. லைசென்ஸில் கை வைத்தார். வாடகை வீட்டுக்கும் அப்படியொரு பிடி வேண்டும். வீட்டு புரோக்கர்களுக்குப் பதிவு வேண்டும். சாதி, மதம் கேட்டால் அந்தப் பதிவு ரத்தாக வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் வாடகைதாரரைப் பற்றிப் போடும் நிபந்தனைகள் அதிகாரி முன் எழுத்தில் வைக்கப்பட வேண்டும். 2017 சட்டத்திலேயே மறுப்பைக் குற்றமாக்கும் ஒரு பிரிவு சேர்க்கப்பட வேண்டும். ஒரே வீட்டுக்கு வெவ்வேறு பெயர்களில் ஆட்களை அனுப்பிக் கேட்கவைத்து, சாதி பார்த்து, மதம் பார்த்து மறுப்பதை அம்பலப்படுத்தும் ஆய்வு தில்லிப் பகுதியில் சுகதேவ் தோரட்டும் மற்றவர்களும் செய்து 2015இல் வெளியிட்டார்கள். அதை நெல்லையிலோ நாகர்கோவிலிலோ செய்ய ஒரு பல்கலைக்கழகம் தேவையில்லை. நாலு தோழர்களும் நாலு கைபேசிகளும் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்களில் பலர் வாத்தியார்கள், வங்கி ஊழியர்கள், அரசு ஊழியர்கள். தொழிற்சங்கத்தில் இருந்தவர்கள். கடன் வாங்கி வீடு கட்டி மாடியை வாடகைக்கு விட்டிருப்பவர்கள். மாடிக்கு ஆள் வைக்கிற பொறுப்பை “அதெல்லாம் வீட்ல பாத்துக்கிடுவாங்க” என்று மனைவியிடமோ புரோக்கரிடமோ தள்ளிவிட்டுக் கூட்டத்துக்குக் கிளம்பியவர்கள். மற்றமையை ஏற்பது பற்றி எத்தனை கட்டுரை வேண்டுமானாலும் எழுதலாம். உங்கள் வீட்டு மாடியில் இதுவரை யார் யார் குடியிருந்திருக்கிறார்கள் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். வரலாறு எழுதுவதை அங்கிருந்து தொடங்கலாம்.